ஏனுங்க என்றால் விழிக்கும் கார்

வெள்ளியங்கிரிக்குக் கார் என்றால் நீளமாக இருக்க வேண்டும். உயரமாக இருப்பதெல்லாம் ஜீப்பு; அதில் இலை மூட்டை ஏற்றலாம், எஸ்டேட் சூப்பர்வைசரை ஏற்றலாம், ஒரு மனிதன் கௌரவமாக ஏறி உட்கார்ந்து ஊர் போய்ச் சேர முடியாது என்பது அவர் கட்சி. குன்னூர் ஏலத்தில் தேயிலை எடுத்துக் கீழே சமவெளிக்கு அனுப்புகிற வியாபாரம் அவருக்கு. காரமடைப் பக்கத்திலிருந்து குன்னூருக்கு மலையேறி வந்து மளிகைக்கடை வைத்தவரின் மகன். கையில் நாலு காசு சேர்ந்த நாளிலிருந்து ஒரே கம்பெனியின் ஒரே வரிசைக் காரைத்தான் மாற்றி மாற்றி வாங்கினார். அந்தக் கம்பெனி செய்வதிலேயே பெரியது, மில் முதலாளிகளும் மந்திரிகளும் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போவதற்கென்றே செய்தது. இப்போது ஓடுவது நாலாவது.

அந்தப் பின்சீட்டில் இடது பக்கம் அவருடையது. வலது பக்கம் அவர் மனைவி சாந்தாமணியுடையது. கார்த்திகையில் பேரன் யுவன் பிறந்ததற்காகக் கோயம்புத்தூருக்கு, மகன் வீட்டுக்குப் போனவள், ஆடி பிறந்தும் திரும்பவில்லை. "ஒரு மாசம் இருந்துட்டு வந்தர்றனுங்க" என்றுதான் போனாள். முதலில் மருமகளுக்குப் பச்சை உடம்பு என்றாள். பிறகு குழந்தைக்குச் சளி என்றாள். கடைசியாக, மலையில் குளிர் தாங்கவில்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது என்றாள். நாற்பது வருஷம் தாங்கிய குளிர் இந்த ஒரு வருஷத்தில் தாங்காமல் போய்விட்டதாம்.

வெள்ளியங்கிரி சண்டை போடவில்லை. வா என்றும் வாய் விட்டுக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். சமையல்காரி வைத்துவிட்டுப் போனதை எட்டு பேர் உட்காரும் மேஜையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். சாயங்காலமானால் வீடு அவரைப் பிடித்துத் தள்ளியது. டிரைவர் ஷிஜோவைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்வார். ஷிஜோ கூடலூர்க்காரன், பேரன் பேத்தி எடுத்தவன், அதிகம் பேசமாட்டான்.

"எங்கே சாரே?"

"சும்மா. ஒரு ரவுண்டு."

வெலிங்டன் வரை போய் ராணுவக்காரர்கள் வெள்ளையடித்து வைத்திருக்கும் கற்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். திரும்பும்போது வெள்ளியங்கிரி காரைப் பார்த்துப் பேசுவார். இந்த நாலாவது கார் பேச்சைக் கேட்கும். கம்பெனிக்காரன் அதற்கு நோவா என்று பெயர் வைத்திருந்தான். "ஹே நோவா" என்று கூப்பிட்டால் முன்னாலும் பின்னாலும் இருக்கிற திரைகளில் நீல வெளிச்சம் எரியும். "எஸ், ஐ ஆம் லிஸனிங்" என்று ஒரு பெண்குரல், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லும். அதனிடம் அவர் கேட்கிற கேள்வி தினமும் ஒன்றுதான். கோயம்புத்தூரில் இப்போது எத்தனை டிகிரி? அது முப்பத்திரண்டு என்னும், முப்பத்து நாலு என்னும். "கொதிக்குது போல" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அந்த வெயிலில் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அந்தப் பெண்குரலிடம் கேட்க முடியாது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் தினமும் காரில் ஏறினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. முட்டிவலி என்கிறாளே, அப்படியானால் காரில்தான் கோளாறு. வண்டி தாழ்வாக இருக்கிறது, இறங்கும்போது ஷிஜோ கை கொடுக்க வேண்டியிருக்கிறது, மலை ஏறி இறங்கவே அவளுக்குப் பயம் வந்திருக்கும். இதே வரிசையில் புதிய மாடல் வந்துவிட்டதாம், சீட்டே கால் கை அமுக்கி விடுமாம். அதை வாங்கி அவள் வாசலில் நிறுத்தினால் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அவருக்கு மனதிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மனைவி வராததற்குக் காரணம் ஒரு கார் என்றால், அது அவரால் சரிசெய்யக்கூடிய காரியமாயிற்றே.

மறுநாள் காலை சாப்பிட்ட கையோடு கீழே கிளம்பினார். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஷிஜோ ஓரம் கட்டி நின்றான். ஏறி வருகிறவையெல்லாம் உயரமான வண்டிகள். அதிலிருந்து சின்னப் பிள்ளைகள் இவர் மடியைக் குனிந்து பார்த்தார்கள். முன்பெல்லாம் இந்தக் காரைக் கண்டால் குன்னூர் பெட்போர்டு முக்கில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது இந்த நீளம் ஒரு வீச்சில் வளைவு திரும்பாமல் பின்னால் வந்து மறுபடி திரும்பும்போது, ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள்.

முதல் கார் இப்படி இல்லை. அது வந்தபோது மகன் அஸ்வந்த் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அடக்கமான முகம், உள்ளே வால்நட் பலகை, பின்னால் கட்டில் மாதிரி ஒரே நீள சீட்டு. கல்லாறு தாண்டி இரண்டு வளைவு ஏறுவதற்குள் சாந்தாமணிக்குக் கண் சொக்கிவிடும். அப்படியே சரிந்து அவர் தோளில் தலை வைத்துத் தூங்குவாள். குன்னூர் வந்து எழும்போது அவர் சட்டைத்தோளில் குங்குமம் இருக்கும்.

இரண்டாவது காரில் நடுவில் கை வைத்துக்கொள்ள ஒரு திண்டு வந்தது. வேண்டாமென்றால் மடக்கிக்கொள்ளலாம். வெள்ளியங்கிரி மடக்கவில்லை, ஏல கேட்டலாக்கை வைக்க வாகாக இருந்தது. மூன்றாவது வந்தபோது அந்தத் திண்டு மடங்காத பெட்டியாகிவிட்டது. உள்ளே குளிர்பெட்டி, மேலே பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள். ஒரே சீட்டு இரண்டாகிப் போனது. ஷோரூமில் அப்போது இருந்தவன் "சாருக்குத் தனி, மேடத்துக்குத் தனி" என்று பெருமையாகச் சொன்னான், இவரும் பெருமையாகக் கேட்டுக்கொண்டார். நாலாவதில் பெட்டி இன்னும் அகலமாகி, ஆளுக்கொரு டிவியும் வந்தது. காரின் முகமும் வருஷத்துக்கு வருஷம் வாயைப் பிளந்துகொண்டே வந்து, இப்போது எதிரில் வருகிறவனைக் கடிக்கப் போவதுபோல் இருக்கிறது. கம்பெனிக்காரன் ஒவ்வொரு தடவையும் எதையாவது கூட்டிக்கொண்டுதான் இருந்தான். கூட்டியதையெல்லாம் கொண்டுவந்து புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில்தான் வைத்தான்.

இதெல்லாம் வெள்ளியங்கிரிக்கு அன்று தோன்றவில்லை. சட்டைத்தோள் மட்டும் ஞாபகம் வந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டு ஷோரூமில் வாசலிலேயே ஒரு உயரமான வண்டிக்குப் பலூன் கட்டியிருந்தார்கள். நாலைந்து குடும்பங்கள் அதைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. இவர் தேடி வந்த கார் உள்ளே தூணோரம், துணி போர்த்தி நின்றது. கிருத்திக் என்கிற விற்பனைப் பையன் துணியை எடுத்தபோது தூசி பறந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இத இப்ப யாரும் கேக்கறதே இல்லீங்க. காட்டறதுக்கு ஒண்ணு வெச்சிருக்கோம். கம்பெனிலயே இதோட நிறுத்தப் போறதாப் பேச்சு. எல்லாருக்கும் மேல உக்காந்து பாக்கோணும். மேடத்துக்கு முட்டிவலின்னா அந்த வண்டிதாங்க வசதி, நேரா ஏறி நேரா எறங்கலாம்."

"அதெல்லாம் ஜீப்புங்க தம்பி. நீங்க கதவத் தொறங்க."

உள்ளே ஏறி உட்கார்ந்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. கூரையிலிருந்து ஒரு பெரிய திரை இறங்கி முன்னால் இருப்பதையெல்லாம் மறைத்தது. நடுப்பெட்டி இப்போது இவர் தோளுயரத்துக்கு வந்திருந்தது. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த கிருத்திக்கை எட்டிப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"வாய்ஸு ரொம்ப ஷார்ப்பாகிருச்சுங்க சார். பாருங்க, ஹே நோவா!"

"எஸ், ஐ ஆம் லிஸனிங்" என்றது கார்.

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கென்றே அவரிடம் ஒரு கதை இருந்தது. ஏல ஆபீஸில், கிளப்பில், கல்யாண வீடுகளில் எத்தனையோ முறை சொல்லி, சொன்ன இடத்திலெல்லாம் ஆட்களைச் சிரிக்க வைத்த கதை.

"தம்பி, இத ஒண்ணு கேளுங்க. எங்க ஊட்ல என்னையப் பேர் சொல்ல மாட்டாங்கல்ல, ஏனுங்கன்னுதானே கூப்புடுவாங்க? வண்டி வந்த புதுசுல, ஏனுங்க, அந்த மரத்தப் பாருங்கன்னு இவ ஆரம்பிச்சா, இந்தக் கழுத 'ஹே நோவா'ன்னு நெனச்சுட்டு எந்திரிச்சிரும். எஸ், ஐ ஆம் லிஸனிங்! இவ பயந்து எட்டி உக்காந்துக்குவா. மறுபடி ஏனுங்கம்பா, மறுபடி லிஸனிங்!"

கிருத்திக் சிரித்தான். "அப்பறம் என்னங்க பண்ணுனீங்க? அத ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாமே சார், ஒரு செகண்ட் வேல."

"ஒரு நாளு கல்கத்தா பார்ட்டிகூடப் பேசிட்டு இருக்கறேன், நடுவுல ஏனுங்க, லிஸனிங். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். விசயம் இருந்தாக் கூப்புடு, இல்லாட்டி சும்மா வா, வண்டி கொழம்புதுன்னு ஒரு சத்தம் போட்டேன்."

கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், யாராவது இன்னொரு பெண்டாட்டிக் கதை சொல்வார்கள். இந்தப் பையனுக்கு அது தெரியாது.

"அப்பறம் சார்?"

"அப்பறமென்ன, அதுக்கப்பறம் அவ கூப்புடறதே இல்ல" என்றார் வெள்ளியங்கிரி.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. சுருக்கென்றது. இந்த வண்டி வந்து நாலு வருஷம். காரில் ஏறினால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள், டிவி பார்க்கிறாளாக்கும் என்று இவர் நினைத்தார். வீட்டில் மட்டும் கூப்பிட்டாளா? கடைசியாக எப்போது கூப்பிட்டாள்? "சாப்பாடு ஆச்சு" என்பாள், "போன் அடிக்குது" என்பாள், எல்லாம் காற்றைப் பார்த்துச் சொன்னதுபோல் மொட்டையாக. அவருக்கு அது தெரியாமலேயே இருந்திருக்கிறது. நாலு வருஷமாக ஒருத்தி தன்னைக் கூப்பிடாமல் இருந்ததை, ஊரெல்லாம் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது. ஷோரூமில் உட்கார்ந்து அழ முடியாது என்பதால் இருமினார்.

"தம்பி, என் வண்டி வெளிய நிக்குது. அதுல இந்தச் சனியன அமத்தி உடறீங்களா?"

கிருத்திக் வெளியே வந்து திரையில் இரண்டு இடத்தில் தொட்டான். அவ்வளவுதான். "முடிஞ்சுதுங்க சார். புது வண்டி?" என்று கேட்டான். வெள்ளியங்கிரி அவன் தோளில் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

மகன் வீட்டில் அஸ்வந்தும் மருமகள் மனிஷாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாந்தாமணி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். முட்டிவலிக்காரி மாதிரி நடக்கவில்லை. காபி கொண்டுவந்து வைத்தாள். கீழே வரும்போது என்னவெல்லாமோ பேச வேண்டுமென்று நினைத்திருந்தார். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊட்டுக்கு வாயேன், சாந்தா" என்றார்.

இத்தனை மாதத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்துதான் பதில் வந்தது.

"மனிஷாவுக்கு நாளைக்கும் நாளானிக்கும் லீவு. ரெண்டு நாளைக்கு வேணா வாறனுங்க. திங்கக்கிழம கொழந்தைக்கு ஊசி போடோணும்."

மனிஷா வேலையிலிருந்து மத்தியானமே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். சாந்தாமணி ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தாள். இரண்டு சேலைக்கு மேல் அதில் கொள்ளாது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளியங்கிரி அந்தப் பையைப் பார்த்தார்.

வண்டி கிளம்பியதும் அவருக்குப் பரபரப்பாக இருந்தது. இனி அவள் கூப்பிட்டால் கார் குறுக்கே வராது. எப்போது கூப்பிடுவாள் என்று காத்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் பாக்குத் தோப்புகளைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. கல்லாறு தாண்டியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. அவளுக்குக் கண் சொக்கவும் இல்லை. நடுவில் பெட்டி, பெட்டிமேல் அவள் சின்னப் பை. இந்தப் பக்கம் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவரைப்போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

பர்லியாறில் சாலையோரம் மங்குஸ்தான் குவித்து வைத்திருந்தார்கள். சாந்தாமணிக்கு அது உயிர். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மலர்வது அவருக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பினாள். உதடு பிரிந்தது. உடனே எதிரே இருந்த திரையை ஒரு பார்வை பார்த்தாள். உதட்டை மூடிக்கொண்டு மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள்.

வண்டி பழக்கடைகளைத் தாண்டிவிட்டது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஷிஜோ என்று ஒரு வார்த்தை போதும். அவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரின் வாயை அடைத்தால் இவள் வாய் திறக்கும் என்று நம்பி வந்த தன் புத்தியை என்ன சொல்வது! அவளுக்குத் தெரியாதே அது அணைந்துவிட்டதென்று. தெரிந்தாலும்தான் என்ன? சத்தம் போட்டது கார் இல்லையே. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்; குன்னூர் மேஜையில் தனியாகச் சாப்பிட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

காட்டேரிப் பக்கம் பனி இறங்கியிருந்தது. ஷிஜோ விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வளைவில் மெதுவாகத் திரும்பினான். ஒரு வீச்சில் வரவில்லை. பின்னால் எடுத்து மறுபடி திருப்பினான். மேலிருந்து இறங்கி வந்த ஒரு பஸ், ஏறுகிற இவர்களுக்காக நின்று காத்திருந்தது.

"ஏனுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

ஷிஜோ கண்ணாடியில் பார்த்தான். தன்னையில்லை என்று தெரிந்து பார்வையைச் சாலைக்கு மாற்றிக்கொண்டான். கொங்குநாட்டில் எந்தப் புருஷன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவான்?

சாந்தாமணி திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். நீல வெளிச்சம் எரியும், பெண்குரல் வரும் என்று முதுகைச் சீட்டோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. பஸ்காரன் பொறுமையிழந்து ஒரு ஹாரன் கொடுத்தான். அவள் மெதுவாக இவர் பக்கம் திரும்பினாள்.

"கார் ஒண்ணும் கேக்கலீங்களே?"

"அது கேக்காது. நீ கேளு."

வண்டி வளைவிலிருந்து மீண்டு நேர்ப்பாதைக்கு வந்தது. அவள் கண் நிறைந்திருந்தது. பெட்டிமேல் இருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"சொல்லுங்க. என்ன விசயம்?"

விஷயம் என்று அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியே பனி, ஒரு மரம்கூடத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்புட்டேன்."

சாந்தாமணி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"ஏனுங்க" என்றாள். "என்ற ஸ்வெட்டரு பீரோலதான் இருக்குதுங்களா, இல்ல யாருக்காச்சும் குடுத்துப்போட்டீங்களா?"

"வெச்ச எடத்துலயே இருக்குது" என்றார் வெள்ளியங்கிரி.